நான் டைப் அடித்த ‘மனெ’

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. தொண்ணூறுகளில் மைசூர் சிவில் கோர்ட்டில் என்னோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நான் அங்கே டைப்பிஸ்ட். ஜட்ஜின் மேடைக்குக் கீழே, சாட்சிக் கூண்டுக்குக் கை நீட்டினால் எட்டும் தூரத்தில், ஒரு கன்னட டைப்ரைட்டருக்கு முன்னால் என் நாற்காலி. சாட்சி தட்டுத் தடுமாறிப் பேசுவதை ஜட்ஜ் ஒழுங்கான கன்னட வாக்கியமாக்கிச் சொல்வார், நான் அடிப்பேன். அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்தால் மனிதர்களின் முகம் பளிச்சென்று தெரியும். யார் புளுகுகிறார்கள் என்பது முதல் இரண்டு வரியிலேயே எனக்குப் பிடிபட்டுவிடும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் மண்ணைப் போட்ட ஒருத்தியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் ஒரு சித்தாள். கட்டட வேலையில் மண்ணும் சாந்தும் சுமக்கிறவள். சொந்த ஊர் ஹனூர் பக்கம் கௌதள்ளி. அங்கே நிறையப் பேருக்கு வீட்டுப் பேச்சு தமிழ்தான், அதுவும் கொங்குநாட்டுச் சாயல் உள்ள தமிழ். புருஷனோடு மைசூருக்குப் பிழைக்க வந்தவள், புருஷன் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டாள். விஜயநகரைத் தாண்டி ஊர் வீங்கிக்கொண்டே போன காலம் அது. அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்து ஒன்று, இடமில்லாத குடும்பங்களுக்கு இலவசமாக சைட்டு கொடுத்தது. இருபதுக்கு முப்பது அடி. அவளுக்கும் ஒன்று கிடைத்தது, சைட்டு எண் போட்டு, உன்னுடையது என்று சொல்லும் ஒரு காகிதமும் கிடைத்தது. வீடு கட்ட வழியில்லாமல் இடம் சும்மாவே கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், தன் காம்பவுண்டுச் சுவரை நீட்டி அவள் இடத்தையும் உள்ளே வளைத்துக்கொண்டார். கேட்டதற்கு எப்போதும் என் இடம்தான் என்றார். அவள் வழக்குப் போட்டாள். அந்த அறுநூறு சதுர அடியைத் தவிர இந்த உலகத்தில் அவள் பெயருக்கு வேறு எதுவும் இல்லை.

இப்போது கேளுங்கள் வேடிக்கையை. அவள் காகிதம் காணாமல் போயிருந்தது. வேலை நடக்கிற இடத்திலேயே தகர ஷெட் போட்டுத் தங்குகிறவர்கள் அவர்கள். ஒரு மழையில் ஷெட் ஒழுகி, பெட்டிக்குள் இருந்த காகிதம் கூழாகிவிட்டது. பஞ்சாயத்திலிருந்து பதிவுப் புத்தகத்தை வரவழைத்தார்கள். அந்தப் பக்கங்களைச் செல் அரித்திருந்தது. அவளோடு சைட்டு வாங்கிய பக்கத்துக்காரர்கள் அதை விற்றுவிட்டு எங்கெங்கோ போய்விட்டார்கள். அந்த ஓய்வுபெற்ற மனிதரிடமும் அந்த இடத்துக்கு உருப்படியான காகிதம் இல்லைதான். ஆனால் அவர் காட்ட வேண்டியதில்லை. கேட்டு வந்தவள் அவள். ஆகவே நிரூபிக்க வேண்டியவளும் அவளே. எதிராளியின் கை காலியாக இருக்கிறது என்று சொல்லி ஜெயிக்க முடியாது, தன் கையில் இருப்பதைக் காட்டித்தான் ஜெயிக்க வேண்டும். இந்த நியாயத்தை நான் எத்தனையோ தீர்ப்புகளில் அடித்திருக்கிறேன். அடிக்கும்போது அது சரியான நியாயம் என்றே தோன்றும். காலிக் கையோடு ஒருத்தி எதிரில் வந்து நிற்கும்போதுதான் தொண்டையில் சிக்கும்.

அவள் கூண்டில் ஏறிய அன்று வாய் கட்டிப்போய்விட்டது. கடைவீதிக்குப் போதுமான கன்னடம் அவளுக்கு நன்றாகவே வரும், ஆனால் பயத்தில் தமிழ்தான் வந்தது. அவளுடைய வக்கீல் சின்ன வயசுக்காரர், கன்னடக்காரர், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஜட்ஜ் என்னைப் பார்த்து, நீ தமிழ்தானே, நீயே கேட்டுச் சொல் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோர்ட்டே என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஒரே பெருமை.

தமிழா நான்? தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நான் படித்தது முழுக்கக் கன்னடம். வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். ‘பேகா வா, ஊட்டா ஆறிப்போகுது’ என்பதுதான் எங்கள் தமிழ். சீக்கிரம் என்பதும் சாப்பாடு என்பதும் அதில் கன்னடம். தமிழ் எழுத்தை அப்போது கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். வீட்டை வீடு என்போம், அவசரத்தில் கன்னடத்தில் மனெ என்போம். காலி இடத்துக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே பெயர் சைட்டு.

கூண்டில் நின்றவள், அங்கே தனக்கு மனை இருக்கிறது, பஞ்சாயத்தில் கொடுத்தார்கள் என்றாள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பாவம், கன்னட வார்த்தையைத் தமிழ்போல இழுக்கிறாள் என்று நினைத்து, அங்கே எனக்கு மனெ இருக்கிறது என்கிறாள் என்று ஜட்ஜிடம் சொன்னேன். கன்னடத்தில் மனெ என்றால் வீடு. அவர் அதை வாக்கியமாகச் சொன்னார், நான் அடித்தேன்.

பிறகு குறுக்கு விசாரணை. எதிர்த் தரப்பின் பெரிய வக்கீல் அன்று வரவில்லை, ஜூனியர்தான் கேட்டார். காகிதம் இருக்கிறதா? இல்லீங்க. நகல்? இல்லீங்க. வரி கட்டிய ரசீது? இல்லீங்க. கொடுத்ததைப் பார்த்த யாராவது? இப்ப யாரும் இல்லீங்க. எத்தனையோ சாட்சிகளைப் பார்த்தவள் நான். இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒவ்வொருவரும் எப்படி நெளிவார்கள், மறந்துவிட்டது என்பார்கள், ஊரில் இருக்கிறது என்பார்கள். இவள் ஒவ்வொரு கேள்விக்கும் முகத்தைப் பார்த்து ‘இல்லீங்க’ என்றாள். அந்த ‘இல்லீங்க’வில் கெஞ்சலும் இல்லை, வெட்கமும் இல்லை. அன்று எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது.

சாட்சியத்தின் அடியில் வழக்கமாக ஒரு வரி வரும், படித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொள்ளப்பட்டது என்று. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. நான் அந்த வரியை அடித்தேன், படித்துக் காட்டவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் கட்டைவிரலை நீட்டினாள். நானே மை தடவி வைக்கச் சொன்னேன்.

அன்று மதியம் வெளியே மரத்தடியில் நின்ற ஓர் ஆசாமி அவளிடம், போன காகிதத்தைப் போலவே ஒன்று ஏற்பாடு செய்து தருவதாக மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். அப்படிப்பட்டவர்கள் அந்த மரத்தடியில் உண்டு. அவள் தலையை ஆட்டினாள். போன காயிதம் போனதுதானுங்க, வேற ஒண்ணு வந்தா அது என்னுது இல்லீங்களே என்றாள். தமிழ் தெரியாத அந்த ஆசாமிக்கு அது புரிந்திருக்காது, ஆனால் போய்விட்டான்.

சில மாதங்கள் கழித்து வாதம் வந்தது. இந்த முறை பெரிய வக்கீலே வந்தார். மேல்கோட்டைப் பக்கத்துப் பழைய வைஷ்ணவக் குடும்பம். ஒல்லி உடம்பு, நெற்றியில் மெல்லிய ஒற்றைக் கோடு, நிறம் மங்கின கறுப்புக் கோட்டு. கன்னடம் அவர் வாயில் வெண்ணெய்போல வழுக்கும். அவர் சாட்சியத்தைக் கையில் எடுத்து நான் அடித்த வரியை நிதானமாகப் படித்தார். அங்கே தனக்கு மனெ இருக்கிறது என்று சத்தியம் செய்து சொல்லியிருக்கிறாள். ஆனால் இதே கோர்ட் நியமித்த கமிஷனர் போய்ப் பார்த்து, அங்கே வீடே இல்லை, வெறும் புல்தரை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இல்லாத வீட்டை இருக்கிறது என்று சொன்னவள், இல்லாத காகிதத்தை இருந்தது என்று சொல்ல மாட்டாளா? அவளிடம் இருப்பது அவள் வாய்ச்சொல் ஒன்றுதான், அதுவும் பொய்யாகிவிட்டது. இவ்வளவுதான் அவர் சொன்னது. அதற்கு மேல் என்ன வேண்டும், அவள் வழக்கு அங்கேயே படுத்துவிட்டது.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. அவர்மேல் இல்லை, அவள்மேல். உன்னை நல்லவள் என்று நம்பினேனே, இப்படியா பச்சைப் பொய் சொல்வாய், தமிழச்சி என்று பெயரை வேறு கெடுத்துவிட்டாயே என்று மனசுக்குள் வறுத்தெடுத்தேன். பின்வரிசைப் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் முறைத்ததைப் பார்த்து, ஏதோ தெரிந்தவள் பார்க்கிறாள் என்று லேசாகச் சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்று வீட்டுக்குப் போய்த் தட்டில் சோற்றைப் போட்டபடியே என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பவானிப் பக்கத்துக்காரர். இங்கே ஒரு தொழிற்சாலை வேலைக்காக வந்து, என்னைக் கட்டிக்கொண்டு, என் தமிழைக் கேட்டுத் தினமும் சிரித்துக்கொண்டிருந்தவர். கன்னடப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரை ‘ரீ’ என்றுதான் கூப்பிடுவேன். அவள் பொய் சொன்னாள் என்று நான் நாலாவது தடவை சொன்னபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அவ வாயால என்ன வார்த்தை சொன்னா? அதச் சொல்லு.”

“மனை இருக்குன்னு சொன்னா ரீ. நான்தானே கேட்டேன்.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். “அட கூறுகெட்டவளே. மனைன்னா காலி எடம். வீட்ட எங்கூர்ல ஊடுன்னுதான் சொல்லுவோம்.”

என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டுமனைப் பட்டா என்று தமிழ்ப் பேப்பரில் வாரத்துக்கு நாலு தடவை வருமே, அதைப் பார்த்ததில்லையா என்று மெதுவாகக் கேட்டார். பார்த்திருக்கிறேன். அதையும் வீடு என்றே படித்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பொய் சொன்னது அவள் இல்லை. அவள் வாயில் பொய்யை வைத்தது நான். அதைப் படித்துக் காட்டினேன் என்று அடித்து, அவள் கட்டைவிரலையும் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் ஜட்ஜின் அறைக்குப் போய் நின்றேன். கண்டிப்பான மனிதர், ஒரு கமா விடுபட்டாலும் தாளைத் திருப்பித் தருவார். நான் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு அவர் கேட்ட கேள்வி, ஆதாரம் என்ன என்பது. அவள் அன்று சொன்னது இன்னதுதான் என்று எப்படிக் காட்டுவாய்? கோர்ட்டில் பதிவான சாட்சியம் சரியானது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தவறு என்று சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னிடம் என்ன இருக்கிறது? எனக்கு எதிராக நானே அடித்த ஒரு தாள் இருக்கிறது. அவளும் இப்படித்தானே இத்தனை மாதம் நின்றிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

படித்துக் காட்டினாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குக் கிடைத்த வசவை இங்கே எழுதப்போவதில்லை, வாங்க வேண்டியதைத்தான் வாங்கினேன். கடைசியில், இதை நீயும் திருத்த முடியாது, நானும் திருத்த முடியாது, அவளை மறுபடி கூண்டில் ஏற்றுகிறேன், அவளே சொல்லட்டும், நீ மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்றார். என்னை வேலையை விட்டுத் துரத்தியிருந்தாலும் கேட்க ஆளில்லை. அவர் வழக்கைத் திறந்து வைத்தார்.

அடுத்த வாய்தாவில், சாட்சியத்தில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சந்தேகம் வந்திருக்கிறது, எழுதிய டைப்பிஸ்டே வந்து சொல்லியிருக்கிறார் என்று ஜட்ஜ் எல்லோர் முன்னிலும் அறிவித்தார். அத்தனை கண்ணும் என்மேல். நான் ரிப்பனைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அடுத்த சிக்கல், அவள் தமிழை யார் சொல்வது. நான் கூடாது. வெளியிலிருந்து ஆள் வரவழைத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். அப்போது பெரிய வக்கீல் எழுந்தார். எங்கள் வீட்டுப் பேச்சு தமிழ்தான், பழைய காலத்துத் தமிழ், மற்ற தரப்புக்கு மறுப்பு இல்லையென்றால் சத்தியம் செய்துகொடுத்து நானே சொல்கிறேன் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எதிராளியின் வக்கீல்! அவள் வாய்ச்சொல் ஒன்றுதான் அவளுக்கு மிச்சம், அதையும் அவர் கையிலா கொடுப்பது? அவளுடைய சின்ன வக்கீல் விழித்தார். ஜட்ஜ், அவளையே கேளுங்கள் என்றார். பெரியவர் கூண்டுப் பக்கம் திரும்பி, உனக்குச் சம்மதமா அம்மா என்று தமிழில் கேட்டார். அவரிடமிருந்து தமிழைக் கேட்டு அவள் முகம் மலர்ந்தது. அவரை ஒரு தரம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“சொல்லட்டுங்க. தப்பாச் சொன்னா இந்தம்மா சொல்லும்.”

தப்பாகச் சொன்னதே இந்தம்மாதான் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஜட்ஜ் அதைச் சொன்னார், அந்த அளவுக் கன்னடம் அவளுக்குப் புரியும். இருந்தும் அப்படிச் சொன்னாள். என் கண் மறைத்தது, டைப்ரைட்டரில் எழுத்துகள் தெரியவில்லை.

ஜட்ஜ் கேட்டார்: அன்று நீ சொன்னது காலி இடம் என்றா, வீடு என்றா? காலி இடம் என்றுதான் சொன்னேன், அந்தம்மா தப்பாக எழுதிவிட்டது என்று சொன்னால் போதும், விஷயம் முடிந்தது. அதைக்கூட அவள் சொல்லவில்லை. அன்றைக்கு வாயில் என்ன வந்தது என்று நினைவில்லை, பயத்தில் இருந்தேன், பெருவிரல் வைக்கும்போது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் வைத்தது என் தப்பு என்றாள்.

“ஆனா அங்க ஊடு இல்லீங்க. ஊடு இருந்தா நான் எதுக்குங்க இங்க வந்து நிக்கறேன்?”

பெரியவர் அதைக் கன்னடத்தில் சொன்னார். கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது, ஜட்ஜும் உதட்டைக் கடித்துக்கொண்டார். உங்கள் பேச்சில் காலி இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்கச் சொன்னார். மனைங்க என்றாள். பெரியவர் அதையும் சொல்லிவிட்டு, தமிழில் அது சரியான சொல்தான், போன வாய்தாவில் இதை வைத்து நான் செய்த வாதத்தை விட்டுவிடுகிறேன் என்றார். அவருடைய கட்சிக்காரர் பின்னாலிருந்து அவர் கவுனைப் பிடித்து இழுத்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்திருந்தால் அவர் தோற்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் பொய்க்காரி இல்லை என்றுதான் ஆயிற்று. இடம் அவளுடையது என்று ஆகிவிடவில்லை. கை இன்னும் காலிதான். குறுக்கு விசாரணை உண்டா என்று ஜட்ஜ் வழக்கப்படி கேட்டார். பெரியவர் கூண்டை நெருங்கி வந்து நின்றார். பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக் கூடாது என்பது வக்கீல்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். அத்தனை வருஷம் கோட்டுப் போட்டவருக்கு அது தெரியாமல் இருக்குமா?

“காகிதமும் இல்லேங்கறே, பார்த்தவாளும் இல்லேங்கறே. அது உன்னோட இடம்னு காட்ட வேற என்னம்மா இருக்கு உங்கிட்ட?”

“கல்லு இருக்குதுங்க.”

அவர் அதைக் கன்னடத்தில் சொன்னார். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். அவள் சொல்லிக்கொண்டே போனாள், அவர் வரிக்கு வரி சொல்லிக்கொண்டே வந்தார். பஞ்சாயத்தில் சைட்டு கொடுத்தபோது நாலு மூலைக்கும் எண் வெட்டிய கல் நட்டுக் கொடுத்தார்கள். மூன்றைப் பிடுங்கிவிட்டார்கள். நாலாவதைப் பிடுங்க முடியவில்லை, ஏனென்றால் அதன்மேல் இவர்களுடைய சுவர் நிற்கிறது. உனக்கு எப்படித் தெரியும் என்று பெரியவர் கேட்டார்.

“அந்தச் செவுத்துக்குச் சாந்து சொமந்தது நானுங்க. மேஸ்திரி கல்ல எடுத்து வீசுன்னாரு. நாந்தான் கெடக்கட்டும்னு சாந்தப் போட்டு மூடினேன்.”

அவள் வேலை செய்த மேஸ்திரிதான் அந்தச் சுவர் வேலையையும் பிடித்திருக்கிறார். இது என் மனை ஆச்சே என்று அன்றே கேட்டிருக்கிறாள். மாடு நுழையாமல் இருக்கத் தற்காலிகமாகக் கட்டுகிறார்கள், நீ வீடு கட்டும்போது இடித்துக்கொள்ளலாம் என்று அவர் சமாதானம் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுக்காரர் அவள் முகத்தை ஒரு நாளும் கவனித்ததில்லை. சாந்துச் சட்டிக்குக் கீழே இருக்கிற முகத்தை யார் பார்க்கிறார்கள்? கூண்டில் நிற்பவள் தன் சுவரைக் கட்டியவள் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று ஜட்ஜ் கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இருந்தது. அவளுக்கு அந்தக் கேள்விதான் புரியவில்லை.

“எல்லாரும் காயிதம் இருக்குதான்னுதான கேட்டீங்க. கல்லு இருக்குதான்னு யாருங்க கேட்டீங்க?”

பெரியவர் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் தப்பாகச் சொன்னால் நான் சொல்ல வேண்டும் என்பது அவள் எனக்குக் கொடுத்த வேலை, காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் மழுப்பியிருக்கலாம், ‘யாரும் கேட்கவில்லை என்கிறாள்’ என்று சுருக்கியிருக்கலாம். அவர் முழுதாகச் சொன்னார், அந்த ‘யாருங்க கேட்டீங்க’வின் சுருக்கென்ற குத்தோடு சொன்னார். அந்தக் கேள்வி ஜட்ஜுக்கும் பொருந்தும், சின்ன வக்கீலுக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும்.

ஒரு ராத்திரி கடந்தால் அந்தக் கல் அங்கே இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். கமிஷனர் அன்று மதியமே போய்த் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று ஜட்ஜ் உத்தரவு போட்டார். வராந்தாவில் அந்த ஓய்வுபெற்ற மனிதர் தன் வக்கீலிடம் கத்தினார். வேண்டாமென்றால் கோப்பை எடுத்துக்கொண்டு வேறு ஆளிடம் போகலாம் என்று பெரியவர் சொன்னார், குரலை உயர்த்தாமல். நான் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் வீடும் அந்தப் பக்கம்தான். அது இல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

நான் போனபோது சுவரோரம் இரண்டு ஆட்கள் கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தார்கள். கமிஷனர் ஒரு நோட்டோடு நின்றார், பெரியவரும் வந்திருந்தார். ஒரு அடி போயிற்று, ஒன்றரை அடி போயிற்று. உடைகல்லும் சாந்தும்தான் வந்தன. வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவர் முகத்தில் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. கமிஷனர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவேளை மேஸ்திரி பிறகு எடுத்திருந்தால்? அவளே இடத்தை மறந்திருந்தால்? இதுவும் போனால் அவளிடம் இனி ஒன்றும் இல்லை.

அவள் அந்த ஆட்களைப் பார்த்து, அங்கே இல்லை, இன்னும் ஒரு முழம் இந்தப் பக்கம் என்றாள். அவர்கள் அலுத்துக்கொண்டார்கள். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையை வாங்கினாள். எந்த இடத்தில் கல் கெட்டி, எந்த இடத்தில் சாந்து கெட்டி என்று தெரிந்த கை அது. ஓங்கி அடிக்கவில்லை, கல்லும் கல்லும் சேரும் இடம் பார்த்து நெம்பினாள். நாலைந்து நெம்பலில் ஒரு பக்கம் கழன்று விழுந்தது. உள்ளே சாந்து பூசி மூடிய ஒரு மேடு. அதைக் கையாலேயே பெயர்த்தாள். செதுக்கிய கல்லின் தலை தெரிந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் எண் தெரிந்தது. பிராதில் முதல் நாளிலிருந்து அவள் சொல்லிவந்த அதே எண்.

தீர்ப்பு வர மேலும் சில மாதங்கள் ஆயின. அவள் பக்கமே வந்தது, நானே அடித்தேன். ஆனால் எனக்கு அந்த வழக்கு முடிந்தது அன்று சாயங்காலம், அந்தக் குழியின் ஓரத்தில்.

அவள் குழிக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், அந்த எண்ணின் பள்ளத்தில் விரலை விட்டு மேலிருந்து கீழாகத் தடவினாள். அதுவரை கோர்ட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அப்போது அழுதாள். அழுதுகொண்டே யாரையும் பார்க்காமல் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

“எம்படது.”

என்னுடையது என்பதற்கு அவர்கள் ஊர்ப் பேச்சு அது. கமிஷனருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று நிமிர்ந்து கேட்டார், நோட்டில் எழுத வேண்டுமே. நான் வாயைத் திறந்தேன், எனக்கு அனுமதி இல்லை என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன். பெரியவர் குழியோரம் நின்றிருந்தார், அவர் கட்சிக்காரர் அவரை ஒட்டி நின்றிருந்தார். நம் தமிழில் ஒருவர் சொன்னதை நாம் சொல்லும்போது ‘ஆம்’ என்று ஒட்டிக்கொள்கிறோமே, ‘அவளுடையதாம்’ என்று. கன்னடத்தில் அதற்கு ‘அந்தெ’ என்று ஒட்டுவார்கள். ஒட்டிவிட்டால் அது அவள் பேச்சு, சொல்கிறவருக்குப் பொறுப்பில்லை. ‘அவளதந்தெ’ என்று அவர் சொல்லியிருந்தால் மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் இல்லை.

அவர் ‘அவளது’ என்றார். கமிஷனர் எழுதிக்கொண்டார்.